லண்டனைத் தாண்டி இங்கிலாந்து: முதல் முறை சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்துக்கு வரும் நம்மவர்களில் பெரும்பாலோர் போடும் திட்டம் ஒன்றுதான். லண்டனில் அறை எடுப்பது, காலையில் சுற்றுலா கோச்சில் ஏறுவது, ஒரே நாளில் ஸ்டோன்ஹெஞ்ச், பாத், காட்ஸ்வோல்ட்ஸ் மூன்றையும் முடித்துவிட்டு இரவில் களைத்துப் போய்த் திரும்புவது. போட்டோ கிடைக்கும். ஆனால் பாதி நாள் மோட்டார்வேயில் போயிருக்கும், ஒவ்வோர் ஊரிலும் கழிப்பறை வரிசையில் நின்ற நேரம்தான் மிச்சமாக நினைவிருக்கும்.

இங்கிலாந்தின் பரப்பு ஏறக்குறைய தமிழ்நாட்டின் பரப்புதான், சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். சென்னையில் அறை எடுத்துக்கொண்டு கன்னியாகுமரி, ஊட்டி, தஞ்சாவூர் மூன்றுக்கும் தினம் தினம் போய்வருவேன் என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன சொல்வோம்? அதே பதில்தான் இங்கேயும். ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓர் ஊரில் மூன்று நான்கு இரவுகள் தங்குங்கள். அங்கிருந்து சுற்றுங்கள். மற்றதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதலில் விசா, தேதி

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குப் பார்வையாளர் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, கனடா பாஸ்போர்ட் என்றால் விசா தேவையில்லை, ஆனால் 2025 ஜனவரி முதல் ‘இ.டி.ஏ.’ எனப்படும் மின்னணுப் பயண அனுமதி கட்டாயம். அதை அரசின் சொந்தத் தளத்திலோ செயலியிலோ மட்டும் எடுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்கும் சில தனியார் தளங்கள் அதே வேலைக்குப் பல மடங்கு கேட்கும்.

தேதியைப் பொறுத்தவரை, மே மாதமும் செப்டம்பரும்தான் என் பரிந்துரை. ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை இங்கே பள்ளி விடுமுறை. அறை வாடகை ஏறிவிடும், கடற்கரை ஊர்களில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. பிள்ளைகளின் பள்ளியை ஒட்டி அந்த நேரத்தில்தான் வரமுடியும் என்றால் கடலோரத்தை விட்டு உள்நாட்டு ஊர்களைப் பாருங்கள். ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், ஒரே நாளில் இரண்டு நாள் வேலை பார்க்கலாம். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். பழைய மாளிகைகள் பல நவம்பர் முதல் மார்ச் வரை மூடியிருக்கும். டிசம்பர் 25 அன்று ரயிலே ஓடாது, மறுநாளும் ஏறக்குறைய அப்படித்தான்.

ரயில் டிக்கெட்: பணம் மிச்சமாவதும் வீணாவதும் இங்கேதான்

இங்கே ரயில் கட்டணம் நம் ஊர் மாதிரி நிலையானது அல்ல. ஒரே ரயில், ஒரே இருக்கை வரிசை; ஒருவர் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு பக்கத்து இருக்கைக்காரர் கொடுத்திருப்பார். ‘அட்வான்ஸ்’ டிக்கெட் என்பது மலிவு, ஆனால் அந்தக் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். பொதுவாகப் பயணத்துக்குப் பன்னிரண்டு வாரம் முன்பிருந்து விற்பனைக்கு வரும். ‘ஆஃப்-பீக்’ டிக்கெட் கொஞ்சம் அதிகம், ஆனால் நெரிசல் நேரம் தவிர எந்த ரயிலிலும் ஏறலாம். குழந்தைகளோடு போகிறவர்களும், காலையில் எப்போது கிளம்புவோம் என்று உறுதியாகச் சொல்ல முடியாதவர்களும் திரும்பி வருவதற்காவது ஆஃப்-பீக் எடுப்பது நல்லது.

அப்புறம் ரெயில்கார்டு. இதை வெளிநாட்டவர்களும் வாங்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கணவன் மனைவி இருவராகப் போனால் ‘டூ டுகெதர்’ கார்டு, கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாட்களில் காலை 9.30க்கு முன் மட்டும் அது செல்லாது. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் ‘ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ கார்டு: பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு 60 சதவீதம் தள்ளுபடி. அப்பா அம்மாவை அழைத்து வருகிறீர்கள், அவர்களுக்கு அறுபது தாண்டிவிட்டது என்றால் ‘சீனியர்’ கார்டு. லண்டனிலிருந்து வடக்கே ஒரே ஒரு முறை போய்வந்தாலே கார்டின் விலை பெரும்பாலும் வந்துவிடும். டிக்கெட்டை ரயில் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் எடுத்தால் முன்பதிவுக் கட்டணம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுந்தூரப் பயணம் வைக்காதீர்கள். தண்டவாள வேலை அன்றுதான் நடக்கும். ரயிலுக்குப் பதிலாக பஸ்ஸில் ஏற்றிவிட்டால் இரண்டு மணி நேரப் பயணம் நான்கு மணி ஆகும்.

உள்ளூர் பஸ்கள் இதற்கு நேர்மாறு. 2025 முதல் இங்கிலாந்தின் பெரும்பாலான பஸ்களில் ஒரு வழிக் கட்டணம் 3 பவுண்டைத் தாண்டாது. மலையைச் சுற்றி ஒரு மணி நேரம் போகும் பஸ்ஸுக்கும் அதே 3 பவுண்டுதான். கார் எடுக்கலாமா என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கும் இடதுபக்கம்தான் ஓட்டவேண்டும், இந்திய உரிமத்தை வைத்து பன்னிரண்டு மாதம் வரை ஓட்டலாம். சிக்கல் கிராமத்துச் சாலைகளில்தான். ஒரே ஒரு வண்டி போகும் அகலம், இரண்டு பக்கமும் ஆளுயரக் கல்சுவர், எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்கும் இடம் வரை பின்னோக்கி ஓட்டவேண்டும். கார்ன்வாலுக்கும் காட்ஸ்வோல்ட்ஸுக்கும் கார் உதவும். நான் கீழே சொல்லும் வடக்குப் பகுதிக்குத் தேவையே இல்லை.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது: யார்க், டர்ஹாம், ஹேட்ரியன் சுவர்

லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து வடக்கே போகும் ஒரே பாதையில் இவை மூன்றும் வந்துவிடும். யார்க் இரண்டு மணி நேரம், டர்ஹாம் மூன்று மணி நேரம், கொஞ்சம் தள்ளி நியூகாசில். அதனால்தான் புதிதாக வருபவர்களுக்கு இதை முதலில் சொல்கிறேன்.

யார்க் நகரத்தை ரோமானியர்கள் கி.பி. 71இல் ஒரு படைத்தளமாகத் தொடங்கினார்கள். 306இல் கான்ஸ்டன்டைனைப் பேரரசராக அவருடைய படை அறிவித்தது இந்த ஊரில்தான். பிறகு வைக்கிங்குகள் வந்து ஆண்டார்கள். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே தெரிவது நகரின் கோட்டைச் சுவர். அதன்மேல் ஏறி நடக்கலாம், கட்டணம் கிடையாது. மொத்தம் மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம். சில இடங்களில் உள்பக்கம் கைப்பிடி இருக்காது, சின்னக் குழந்தையின் கையை விட்டுவிடாதீர்கள். நேரம் குறைவு என்றால் பூத்தம் பாரிலிருந்து மங்க் பார் வரை உள்ள துண்டை மட்டும் நடங்கள் (இங்கே ‘பார்’ என்றால் கோட்டை வாசல்). பேராலயத்தின் பின்பக்கமும் அதன் தோட்டங்களும் அங்கிருந்து தெரிவது போல வேறு எங்கிருந்தும் தெரியாது.

யார்க் மின்ஸ்டர் என்ற அந்தப் பேராலயத்தைக் கட்டி முடிக்க இரண்டரை நூற்றாண்டு ஆனது. 1472இல்தான் வேலை முடிந்தது. உள்ளே போகக் கட்டணம் உண்டு, குறைவானதும் அல்ல. ஆனால் மாலை நேரப் பாட்டு வழிபாட்டுக்கு யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போய் உட்காரலாம், எந்த மதம் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். சுற்றிப் பார்க்க முடியாது, படம் எடுக்கக்கூடாது. அந்தக் கூரைக்குக் கீழே பாடகர் குழுவின் குரல் எழும்போது சுற்றிப் பார்க்கவும் தோன்றாது. கிழக்குப் பக்கத்துப் பெரிய கண்ணாடி ஜன்னலைப் பார்க்கவேண்டும் என்றால் மட்டும் டிக்கெட் எடுத்துக் காலையில் போங்கள், வெயில் அந்தப் பக்கம் விழும். 1405 முதல் 1408 வரை மூன்றே ஆண்டுகளில் செய்த வேலை அது.

பிள்ளைகள் இருந்தால் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். நுழைவு இலவசம். 1938இல் மணிக்கு 126 மைல் ஓடி, நீராவி எஞ்சின்களின் வேகச் சாதனை படைத்த மல்லார்ட் அங்கே நிற்கிறது. ஜப்பானின் முதல் தலைமுறை புல்லட் ரயில் பெட்டி ஒன்றில் ஏறி உட்காரவும் செய்யலாம். ஷாம்பிள்ஸ் என்ற குறுகிய தெருவைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். முன்பு கசாப்புக் கடைத் தெரு, மாடிகள் முன்னால் சாய்ந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். காலை ஒன்பது மணிக்கு முன்னால் போனால் அழகு. பதினொன்றுக்குப் போனால் முதுகுகள்தான் தெரியும்.

யார்க்கிலிருந்து ஒரு நாள் விட்பிக்குப் போய்வரலாம். லீட்ஸிலிருந்து யார்க் வழியாக வரும் 840 எண் பஸ் முல்லைநில மேட்டுநிலங்களைக் கடந்து கடலுக்கு இறங்கும். ஆகஸ்டில் அந்த மேடு முழுக்க ஊதா நிறப் பூ. விட்பியில் 199 படி ஏறினால் கடலைப் பார்த்து நிற்கும் இடிந்த மடாலயம். காற்று பலமாக இருக்கும், குடை நிற்காது.

டர்ஹாமுக்கு வடக்கே போகும்போது ரயிலில் வலதுபக்க ஜன்னலோரம் உட்காருங்கள். நிலையத்துக்குச் சற்று முன்னால் ரயில் ஓர் உயரமான பாலத்தில் ஏறும். ஊருக்கு மேலே பாறைமீது பேராலயமும் கோட்டையும் சேர்ந்து தெரியும். அந்தப் பேராலயத்தின் கட்டுமானம் 1093இல் தொடங்கியது. இங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது, காணிக்கை போடலாம். தூண்களின் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். ஒரு தூணில் கோணல் கோடு, அடுத்ததில் சாய்சதுரம், அதற்கடுத்ததில் வேறு வெட்டு. ஆழமாகச் செதுக்கியிருப்பதால் விரல் உள்ளே போகும். யார்க்கை விட டர்ஹாம்தான் எனக்குப் பிடித்தது. கூட்டம் குறைவு என்பது ஒரு காரணம். ஆற்றங்கரைப் பாதையில் ஒரு சுற்று வந்தால் அரை நாள் போதும்.

ஹேட்ரியன் சுவருக்கு நியூகாசிலில் தங்கிக்கொண்டு, கார்லைல் போகும் சின்ன ரயிலில் ஹெக்சமில் இறங்குங்கள். அங்கிருந்து கோடைப் பருவத்தில் ஒரு பஸ் சுவரோரமாக ஓடும். அதன் எண் ஏ.டி.122. சுவர் தொடங்கிய ஆண்டையே எண்ணாக வைத்திருக்கிறார்கள். நேர அட்டவணையை முதல்நாளே பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை செம்மறி ஆடுகளோடு நிற்கவேண்டியதுதான். ரோமானியர்கள் நாட்டின் குறுக்கே கடலிலிருந்து கடல்வரை 73 மைல் நீளத்துக்குக் கட்டிய எல்லை இது. எல்லா இடத்திலும் சுவர் மிச்சமில்லை. ஹவுஸ்ஸ்டெட்ஸ் கோட்டைப் பக்கம் செங்குத்துப் பாறை விளிம்பில் ஓடும் பகுதிதான் பார்க்கத் தக்கது. சிகமோர் கேப் என்ற பள்ளத்தில் தனியாக நின்ற மரத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 2023 செப்டம்பரில் யாரோ இரவில் வந்து வெட்டிவிட்டார்கள், அதைத் தேடிக்கொண்டு போகவேண்டாம்.

விண்டோலாண்டாவைத் தவறவிடாதீர்கள். சுவருக்கு முன்பே இருந்த படைமுகாம் இது. ஈர மண்ணில் காற்றுப் படாமல் புதைந்து கிடந்ததால், வீரர்கள் மையால் எழுதிய மெல்லிய மரத்தகடுகள் அழியாமல் கிடைத்தன. பிறந்தநாளுக்கு வரச்சொல்லி ஒரு பெண் தோழிக்கு எழுதியது ஒன்று. கடன் கணக்குகள் பல, அவற்றில் ஒன்றில் மிளகு வாங்கிய கணக்கும் இருக்கிறது. அன்றைக்கு ரோமுக்குப் போன மிளகு முசிறி போன்ற சேரநாட்டுத் துறைகளில் பொன்னுக்கு ஏற்றியது. பேரரசின் வடகோடியில் குளிரில் நடுங்கிய ஒரு சிப்பாய்க்கும் அது எட்டியிருக்கிறது. தகடுகளில் பெரும்பாலானவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன, சில இங்கேயே காட்சிக்கு உண்டு. கோடையில் போனால் அகழாய்வு நடப்பதை வேலியோரம் நின்று பார்க்கலாம்.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால் லிண்டிஸ்ஃபார்ன் தீவு. 793இல் வைக்கிங்குகள் தாக்கிய மடம் இருந்த இடம். நிலத்திலிருந்து போகும் சாலையைக் கடல் நாளுக்கு இரண்டு முறை மூடிவிடும். பாதுகாப்பாகக் கடக்கும் நேரத்தை மாவட்ட நிர்வாகம் வெளியிடும். அதை ஐந்து நிமிடம்கூட மீறாதீர்கள். ‘தண்ணீர் கொஞ்சம்தானே’ என்று இறங்கி நடுவழியில் காரை மூழ்கடித்துவிட்டு மீட்புப் படகுக்குக் காத்திருப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

மலையும் ஏரியும் வேண்டும் என்றால்

சரி, பழைய கல் போதும், பச்சை வேண்டும் என்பவர்களுக்கு லேக் டிஸ்ட்ரிக்ட். லண்டன் யூஸ்டனிலிருந்து ஆக்ஸன்ஹோம் வரை மூன்று மணி நேரத்துக்குள், அங்கே மாறினால் விண்டர்மியர் இருபது நிமிடம். தங்குவதற்கு விண்டர்மியரை விட ஆம்பிள்சைட் நல்லது என்பேன். நாலா பக்கமும் பஸ், அறையிலிருந்து இறங்கினாலே நடைபாதை. 555 எண் பஸ் ஆம்பிள்சைட், கிராஸ்மியர் வழியாகக் கெசிக் வரை போகும். மாடியில் முன்இருக்கை கிடைத்தால் அதுவே ஒரு சுற்றுலா.

மலை ஏறிப் பழக்கமில்லாதவர்கள் ஆரஸ்ட் ஹெட்டில் தொடங்குங்கள். விண்டர்மியர் நிலையத்துக்கு எதிரே சாலையைக் கடந்தால் பலகை இருக்கும். மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பாதை, அரை மணி நேரத்தில் உச்சி, உயரம் 238 மீட்டர்தான். கடைசிக் கதவைத் தாண்டி மேலே வந்ததும் இங்கிலாந்தின் நீளமான ஏரி முழுவதும் காலடியில், அதற்கு மேற்கே மலை வரிசை. அது சுலபமாக இருந்தால் கெசிக் பக்கம் கேட்பெல்ஸ், 451 மீட்டர். உச்சிக்குச் சற்று முன்னால் கையூன்றி ஏறும் பாறை உண்டு. இங்கிலாந்தின் மிக உயரமான மலையான ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர்தான், நம் தொட்டபெட்டாவில் பாதிகூட இல்லை என்று அலட்சியமாகக் கிளம்பவேண்டாம். பத்து நிமிடத்தில் மேகம் இறங்கினால் பாதை தெரியாது. மலைகளில் செல்போன் சிக்னலும் கிடைக்காத இடங்கள் நிறைய. காகித வரைபடம், மழைச்சட்டை, பிடிப்புள்ள காலணி மூன்றும் இல்லாமல் ஏறக்கூடாது. ஆபத்து என்றால் 999 அழைத்துப் போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லவேண்டும்.

மழையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியில் உள்ள சீத்வெய்ட் என்ற இடத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும், சென்னையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். நான்கு நாள் தங்கினால் ஒரு நாளாவது நனைவீர்கள். அந்த நாளை கிராஸ்மியரில் வேர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை குடியிருந்த டவ் காட்டேஜுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் அவருடைய டாஃபடில் கவிதையை மனப்பாடம் செய்தவர்கள் பூவையும் பார்க்கவேண்டும் என்றால் மார்ச் கடைசியில் வரவேண்டும். மழை விட்டதும் கெசிக்குக்கு மேலே காஸல்ரிக் கல்வட்டத்துக்குப் போங்கள். சுமார் 5,000 ஆண்டுப் பழமை, கட்டணமில்லை, கயிறு இல்லை, கல்லுக்குப் பக்கத்திலேயே நிற்கலாம்.

தென்மேற்கு, சுருக்கமாக

ஸ்டோன்ஹெஞ்ச் போயே ஆகவேண்டும் என்பவர்கள் சாலிஸ்பரியில் ஓர் இரவு தங்குங்கள். 123 மீட்டர் உயரக் கோபுரமுள்ள பேராலயமும், 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டாவின் மிஞ்சிய நான்கு பிரதிகளில் ஒன்றும் அங்கே இருக்கின்றன. ஸ்டோன்ஹெஞ்ச் கற்களைக் கயிற்றுக்கு வெளியேயிருந்துதான் பார்க்கமுடியும். தொட்டுப் பார்க்க ஆசை என்றால் ஏவ்பரி கல்வட்டம், அதற்குள்ளேயே ஒரு கிராமம் இருக்கிறது. பாத் நகரம் லண்டன் பாடிங்டனிலிருந்து ஒன்றரை மணி நேரம். ரோமானியக் குளத்தில் 46 டிகிரி வெந்நீர் இன்றும் ஊறுகிறது, ஆனால் அதில் குளிக்க அனுமதியில்லை. கார்ன்வாலின் கோடி வரை ஐந்து மணி நேரத்துக்கு மேல், நான்கு இரவுக்குக் குறைவாகப் போவது வீண். கடலில் இறங்கினால் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள்.

தங்குமிடம், சாப்பாடு

இரண்டு பேர் என்றால் ‘பி அண்ட் பி’ எனப்படும் சின்ன விடுதிகள் வசதி, காலை உணவு சேர்ந்தது. சைவம் என்பதை முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள். குடும்பமாக வந்தால் ஒய்.ஹெச்.ஏ. விடுதிகளைப் பாருங்கள். பெயரில் இளைஞர் விடுதி என்று இருந்தாலும் குடும்ப அறையும் பொதுச் சமையலறையும் உண்டு, குக்கர் வைத்துச் சாதம் வடித்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். தாளிக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்துவையுங்கள், புகை எச்சரிக்கை மணி அடித்தால் விடுதி முழுவதும் வெளியே வந்து நிற்கும்.

கிராமத்துப் பப்களில் மதியச் சாப்பாடு இரண்டு, இரண்டரைக்கு முடிந்துவிடும். மூன்று மணிக்குப் போனால் சிப்ஸ் பாக்கெட்தான். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் சைவக்காரர்களுக்கும் முக்கியமாக ஒன்று: யார்க்‌ஷயரில் பல ‘ஃபிஷ் அண்ட் சிப்ஸ்’ கடைகளில் உருளைக்கிழங்கைப் பொரிப்பதே மாட்டுக் கொழுப்பில். எண்ணெயா கொழுப்பா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், தப்பாக நினைக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் ஆறு மணி நேரம் மட்டுமே திறந்திருக்கும், மாலை நான்கைந்து மணிக்கு மூடிவிடும். அரிசி, பால் எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவையுங்கள்.

பழைய கோட்டைகள், மாளிகைகள் நிறையப் பார்க்கும் எண்ணம் என்றால் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஒன்பது நாள், பதினாறு நாள் பாஸ் தருகிறது. ஸ்டோன்ஹெஞ்சும் ஹவுஸ்ஸ்டெட்ஸும் விட்பி மடாலயமும் அதில் அடக்கம். இரண்டு இடம் மட்டும்தான் என்றால் தனித்தனி டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுங்கள், வாசலில் எடுப்பதை விடக் குறையும்.

ரயில் தாமதமானால் டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். பதினைந்து அல்லது முப்பது நிமிடத்துக்கு மேல் தாமதம் என்றால், நிறுவனத்தைப் பொறுத்து, கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவார்கள். ‘டிலே ரீபே’ என்று அவர்கள் தளத்திலேயே படிவம் இருக்கும், 28 நாளுக்குள் அனுப்பவேண்டும். மலிவு அட்வான்ஸ் டிக்கெட்டுக்கும் இது உண்டு.